ஒட்டியிருந்த விரல்களைப் பிரித்த ஆபரேஷன்: 20 மாதப் பாப்பாவையும் மாவுக்கட்டையும் வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: வெண்முகில்

வணக்கம். பாப்பாவுக்கு 20 மாதம், எடை 11 கிலோ. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் பிறந்ததிலிருந்தே ஒட்டியிருந்தன. இன்று காலை பிரித்துவிட்டார்கள். தொடை இடுக்கிலிருந்து தோல் எடுத்து, விரல்களின் பக்கவாட்டில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். முழங்கைக்கு மேலே வரை மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிகின்றன. நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கட்டுப் பிரிப்பது 3 வாரம் கழித்து.

கையை உயர்த்தியே வைக்கச் சொல்கிறார்கள். ஓரிடத்தில் உட்காராத குழந்தையின் கையை எப்படி உயர்த்தி வைப்பது? சீட்டில் பாராசிட்டமால் சிரப்பும், தேவைப்பட்டால் ஐபுப்ரோஃபெனும் எழுதி, "வலித்தால் கொடுக்கவும்" என்று போட்டிருக்கிறது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதில் எதைப் பார்த்துக் கொடுப்பது? குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாமே பயமாக இருக்கிறது. எதைப் பார்த்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: தாழம்பூ (குழந்தைகள் அறுவை வார்டு நர்ஸ்)

அந்தக் கட்டு எதற்கு என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். எலும்பு முறிவுக்குப் போடும் கட்டு எலும்பைப் பிடித்து வைக்கிறது. இது தோலைப் பிடித்து வைக்கிறது. ஒட்டி வைத்த தோலுக்கு முதல் 2 நாள் தனக்கென்று ரத்த ஓட்டம் கிடையாது. அடியில் இருக்கும் புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் பிழைத்திருக்கிறது. அதற்குப் பிறகு நுண்ணிய ரத்தக் குழாய்கள் கீழிருந்து வந்து இணைகின்றன. நிலைப்பதற்கு ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் தோல் உராய்ந்தாலோ, அடியில் ரத்தம் தேங்கினாலோ, ஈரம் புகுந்து கிருமி சேர்ந்தாலோ அந்த இடம் பிடிக்காது. பிடிக்காத இடம் தழும்பாக ஆறும். தழும்பு சுருங்கினால் விரல் கோணும். எனவே கட்டு நழுவக் கூடாது, நனையக் கூடாது. மற்ற கவலை எல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

நழுவுவதுதான் இந்த வயதில் அதிகம் நடக்கிறது. குழந்தையின் கை தோள்பக்கம் பருத்து, மணிக்கட்டுப் பக்கம் சிறுத்து, கொழுகொழுவென்று இருக்கும். முழங்கைக்குக் கீழே கட்டினால் காலுறை மாதிரி உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் முழங்கையை 90 டிகிரிக்குக் குறையாமல் மடக்கி, மேல்கை வரை கட்டுகிறார்கள். வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். விரல் நுனிகள் கட்டுக்கு வெளியே எவ்வளவு தெரிகின்றன என்பதை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வையுங்கள். மேல்கையில் கட்டு முடியும் இடத்தை ஒட்டித் தோலில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அழிய அழியத் திரும்பப் போடுங்கள். தினமும் காலையும் மாலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விரல் நுனி உள்ளே போயிருந்தாலோ, கோட்டுக்கும் கட்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தாலோ கட்டு நழுவுகிறது என்று அர்த்தம். அன்றைக்கே போன் செய்துவிடுங்கள்.

ரத்த ஓட்டம் பார்ப்பது: விரல் நுனியின் சதையை 5 விநாடி மெதுவாக அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடத்தில் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். சந்தேகம் வந்தால் இடது கையிலும் அதே மாதிரி அழுத்திப் பாருங்கள்; குளிர்ந்த அறையில் இரண்டு கையிலுமே தாமதமாகத்தான் வரும். மாநிறமோ கருநிறமோ உள்ள குழந்தைக்கு நகத்தடியில் பார்ப்பது தெளிவு. முதல் நாள் விழித்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவில் மருந்து கொடுக்க எழும்போது ஒரு தடவை. அதன்பிறகு ஒரு நாளைக்கு 3, 4 முறை போதும்.

கையை உயர்த்துவது முதல் 2, 3 நாளைக்குத்தான் மிக முக்கியம், வீக்கம் ஏறும் நேரம் அதுதான். முழங்கை மடங்கியிருப்பதால் கை தானாகவே நெஞ்சுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தூக்கி வைத்திருக்கும்போது அந்தக் கை உங்கள் தோள்மேல் கிடக்கட்டும். மடியில் இருந்தால் பக்கத்தில் இரண்டு தலையணை. நடக்கும்போது முக்கோணத் துணியில் ஸ்லிங் கட்டி, அதன்மேல் சட்டையைப் போட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாததைப் பிள்ளை அதிகம் இழுக்காது. தூங்கும்போது ஸ்லிங்கைக் கழற்றிவிடுங்கள், கழுத்தில் முறுக்கிக்கொள்ளும். கட்டிலில் கயிறு கட்டிக் கையைத் தொங்கவிடும் யோசனை வேண்டவே வேண்டாம். வார்டில் ஆள் பக்கத்தில் இருந்து செய்வது அது.

குளியல்: 3 வாரமும் உடம்பைத் துணியால் துடைப்பதுதான். பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டினால் தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கும். தொட்டியிலோ ஷவரிலோ பாதுகாப்புக் கிடையாது. துடைத்து முடித்ததும் பையைக் கழற்றிவிடுங்கள், உள்ளே வியர்த்தே கட்டு நனைந்துவிடும். தலைக்கு ஊற்றுவதாக இருந்தால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை மட்டும் தொட்டிக்கு மேலே நீட்டி, குவளையால் ஊற்றுங்கள். கட்டு நெஞ்சுமேல் இருக்கட்டும், இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். கட்டின் மேற்புறம் லேசாகத் தெறித்திருந்தால் ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்து உலர்த்தலாம். உள்பஞ்சு நனைந்துவிட்டால் வீட்டில் உலராது, கட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். சூடான காற்று எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

விரல்பக்கம் கட்டின் திறந்த வாயைப் பெரிய பருத்திக் காலுறையால் மூடிவிடுங்கள். சோற்றுப் பருக்கை, மணல், சின்ன பொம்மை எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. கட்டால் தன் முகத்திலேயே இடித்துக்கொள்வதும் இதனால் குறையும். விரல்களைப் பார்க்கும் நேரத்தில் காலுறையைக் கழற்றினால் போதும். மாவுக்கட்டு முழுதாக இறுக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதுவரை உள்ளங்கையால் தாங்குங்கள், விரலால் அழுத்திப் பிடித்தால் உள்பக்கம் குழி விழுந்து தோலை அழுத்தும். ஃபைபர் கட்டு என்றால் இந்தக் கவலை இல்லை.

சட்டை மாட்டும்போது கட்டுள்ள கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். முன்பக்கம் திறக்கும் சட்டை, ஒரு அளவு பெரிதாக. கட்டின் பாரத்தில் சில நாள் நடை தள்ளாடும். மாடிப்படியை மறித்து வையுங்கள், மேசை முனைகளுக்கு மெத்தென்று ஏதாவது கட்டுங்கள்.

பதில்: மருந்துப்பெட்டி (மருந்தாளுநர்)

வலி மருந்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், தப்பு அதிகம் நடப்பது இங்கேதான்.

"வலித்தால் கொடுக்கவும்" என்றிருந்தாலும் முதல் 48 மணி நேரம் கடிகாரம் பார்த்துக் கொடுக்கலாமா என்று கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்ததும் கை மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் அதன் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். எத்தனை மணிக்குப் போட்டார்கள், எவ்வளவு நேரம் தாங்கும் என்று விசாரித்து, அது தீர்வதற்குள் ஒரு வேளை சிரப் உள்ளே போயிருக்க வேண்டும். அழுகை உச்சிக்கு ஏறின பிறகு கொடுத்தால் துப்பிவிடும். விழுங்கினாலும் வேலை செய்ய அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். மரத்திருக்கும் நேரத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள்: குழந்தை தன் விரல் நுனியைத் தானே கடித்துப் புண்ணாக்கிவிடும். சூடு பட்டாலும் உணராது.

அளவு: பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் பாப்பாவுக்கு 110 முதல் 165 மி.கி. உதாரணத்துக்கு 150 மி.கி. என்று எழுதியிருந்தால், அது எத்தனை மில்லி என்பது பாட்டிலைப் பொறுத்தது. 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 6.25 மில்லி. 5 மில்லியில் 250 மி.கி. உள்ளது என்றால் 3 மில்லி. 1 மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.5 மில்லிதான். பழைய பாட்டில் தீர்ந்து புதிது வாங்கும்போது இந்த எண் மாறிவிடும். "எப்போதும் 6 மில்லிதானே" என்று சொட்டு மருந்தில் 6 மில்லி கொடுத்தால் 600 மி.கி. போய்விடும், நாலு மடங்கு. பாட்டில்மேல் ஒரு தாளை ஒட்டி மில்லியைப் பெரிதாக எழுதி வையுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கன்னத்தின் உட்புறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 24 மணி நேரத்தில் 4 வேளை. எந்தக் காரணத்துக்கும் 4 மணி நேரத்துக்குள் அடுத்த வேளை கூடாது. இன்னொரு பொறி: சளி, காய்ச்சல் சிரப்புகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது, பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் கலந்த சிரப்பும் இருக்கிறது. வீட்டில் உள்ள வேறு எந்தச் சிரப்பைக் கொடுப்பதற்கு முன்னும் லேபிளைப் படியுங்கள்.

ஐபுப்ரோஃபென் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வயிற்றில் ஏதாவது இருக்கும்போது. வாந்தி எடுத்துக்கொண்டோ தண்ணீர் குடிக்காமலோ இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள், நீர் வற்றின நேரத்தில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின் இந்த வயதுக்குக் கூடவே கூடாது. பெரியவர்களுக்கு எழுதிய கோடீன் கலந்த எதையும் தொடாதீர்கள்.

வலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். அழுகையை மட்டும் நம்பாதீர்கள், பசிக்கும் தூக்கத்துக்கும்கூட அழும். மடியில் வைத்தாலும் அடங்காதது, பிடித்த பொம்மையைத் தள்ளுவது, புருவம் நெரிவது, கால்களை இழுத்து இழுத்து உதைப்பது, கட்டுப் பக்கம் யாரையும் விடாதது: இவை சேர்ந்து வந்தால் வலி. மூன்றாம் நாளிலிருந்து மருந்துக்கான தேவை குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் ஏறினால் அதுவே ஒரு எச்சரிக்கை.

பதில்: தாழம்பூ

மருந்துப்பெட்டி கடைசியில் சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள். கட்டுக்குள் வீக்கம் மிஞ்சி ரத்த ஓட்டம் நெரிபடத் தொடங்கினால், சொல்லத் தெரியாத குழந்தையிடம் முதலில் தெரிவது மூன்று: காரணமில்லாத பதற்றம், எதற்கும் அடங்காத அலைக்கழிப்பு, வலி மருந்தின் தேவை ஏறிக்கொண்டே போவது. விரல் நீலமாவதும் சில்லிடுவதும் அதற்கு அப்புறம்தான் வரும், அதுவரை காத்திருக்கக் கூடாது. மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் அலறல் அடங்கவில்லை, விரல் நுனியை லேசாக நிமிர்த்தினாலே துடிக்கிறது என்றால், நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். விரல் வெளுத்தாலும், கறுத்தாலும், நிறம் திரும்பத் தாமதமானாலும் அப்படியே. கட்டின்மேல் முதல் நாள் சின்ன ரத்தக் கறை தெரிவது சாதாரணம். சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள், கோட்டைத் தாண்டிப் பரவினால் போன் செய்யுங்கள். முதல் 2 நாள் லேசாக உடம்பு சுடலாம். அதற்குப் பிறகு 38 டிகிரி செல்சியசைத் தாண்டினாலோ, கட்டிலிருந்து அழுகின வாடை வந்தாலோ அன்றே காட்டிவிடுங்கள். வியர்வைப் புளிப்பு வாடை வேறு, அது எல்லாக் கட்டிலும் வரும்.

டயப்பர் விஷயம் விட்டுப்போனது. பல வீடுகளில் எல்லாக் கண்ணும் கைமேல் இருக்கும், தொடை இடுக்குப் புண் ஈரத்தில் ஊறிப் பிரிந்துவிடும். 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை டயப்பரை மாற்றுங்கள், மலம் கழித்தால் அந்த நிமிடமே. டயப்பர் விளிம்பு தையல்மேல் உராயாதபடி மடித்து விடுங்கள். வாசனைத் துடைப்பான் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டரை நீங்களாக உரிக்க வேண்டாம், ஓரம் கிளம்பி உள்ளே ஈரம் போயிருந்தால் மட்டும் கேட்டு மாற்றுங்கள். 10 நாளைக்கு இடுப்பில் உட்கார வைத்துத் தூக்காதீர்கள். கால்கள் அகன்றால் அந்தத் தையல்தான் முதலில் இழுபடும். இரண்டு காலையும் சேர்த்து, ஒரு கை முதுகிலும் ஒரு கை தொடைக்கு அடியிலுமாக ஏந்திக்கொள்ளுங்கள். மூன்று சக்கர சைக்கிளும் ஆடுகுதிரையும் அதுவரை பரண்மேல் இருக்கட்டும்.

பதில்: வெண்முகில்

எல்லோருக்கும் மிக்க நன்றி. வீட்டுக்கு வந்து இன்று ஐந்தாம் நாள். வலி மருந்து இப்போது இரவு மட்டும். இரண்டு கேள்வி. பகலில் கட்டுக்குள் அரிக்கிறது போல, சுவரில் தேய்க்கிறாள். இன்னொன்று, முதல் நாள் எடுத்த படத்தில் நடுவிரல் நகம் முழுதும் வெளியே தெரிந்தது. இன்று நகத்தில் பாதிதான் தெரிகிறது. மேல்கைக் கோட்டுக்கும் கட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இருக்கும். நிறம் நன்றாக இருக்கிறது, விளையாடுகிறாள். வீக்கம் வடிந்ததால் அப்படித் தெரிகிறதா?

பதில்: தாழம்பூ

வீக்கம் வடிந்ததால் கட்டுத் தளர்ந்தது, தளர்ந்ததால் நழுவுகிறது. இன்றைக்கே போன் செய்து, "நகம் பாதி உள்ளே போய்விட்டது, மேலே ஒரு விரல் அகலம் இடைவெளி" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். இரண்டு படத்தையும் கையில் வைத்திருங்கள். குழந்தை விளையாடுகிறாள், வலியில்லை என்பதால் நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். தோல் உராய்வது வலிக்காமலேயே நடக்கும்.

போகும்வரை கையை உள்ளே தள்ளவோ கட்டை மேலே இழுக்கவோ கூடாது. உள்ளே விரல்களுக்கு நடுவில் பஞ்சும் எண்ணெய்த்துணியும் அடுக்கி வைத்திருப்பார்கள், தள்ளினால் அது சுருண்டு விரலிடுக்கில் குத்தும். ஸ்லிங்கில் போட்டு, தூக்கியே கொண்டு போங்கள். மறுகட்டுக்குச் சிறு மயக்கம் தேவைப்படலாம், அதனால் எப்போது கடைசியாகச் சாப்பிட்டாள் என்று குறித்து வையுங்கள். போனில் பேசும்போதே "இப்போது எதுவும் கொடுக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

அரிப்புக்கு: கட்டின் வெளிப்பக்கம் தட்டிக் கொடுங்கள், குளிர் காற்று காட்டுங்கள், அறையை வியர்க்காமல் வையுங்கள். ஸ்கேலோ பென்சிலோ உள்ளே விடக் கூடாது. பவுடரும் போடக் கூடாது, வியர்வையில் கட்டியாகி அரிப்பைக் கூட்டும். தூக்கமே கெடுகிறது என்றால் அரிப்புக்கான சிரப்பைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பதில்: உள்ளங்கை (கை பிசியோதெரபிஸ்ட்)

கட்டுப் பிரிக்கும் நாளைப் பற்றி இப்போதே சொல்லி வைக்கிறேன், அன்றைக்குப் பார்த்துப் பலர் பதறிவிடுகிறார்கள். ஒட்டின தோல் கருஞ்சிவப்பாகவோ, மேலே கறுத்த பொருக்கோடோ இருக்கலாம். பெரும்பாலும் மேல்தோல் மட்டும் செத்து உதிர்கிறது, அடியில் இளஞ்சிவப்பாகத் தோல் இருக்கும். பொருக்கை உரிக்க வேண்டாம். புண் நிலவரத்தைப் பார்த்து அனுமதித்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் 5, 10 நிமிடம் விளையாட விடுங்கள், ஊறித் தானே விழும். தையல் பெரும்பாலும் கரையும் நூல்தான்.

பிரித்த பிறகு சில நாள் அந்தக் கையைத் தூக்காமல் இடது கையாலேயே எல்லாம் செய்வாள். இடது கையைப் பிடித்துக் கட்டாயப்படுத்தாதீர்கள். இரண்டு கையும் வேண்டியிருக்கும் பொருளைக் கொடுங்கள்: பெரிய பந்து, மூடி திருகும் டப்பா, பிசைந்த மாவு. மாவு கொடுப்பது புண் முழுதும் ஆறி மூடின பிறகுதான், இல்லையென்றால் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும்.

தழும்பு நீவுவதும் அப்படியே, எங்கும் கசிவோ பொருக்கோ இல்லாத நிலை வந்ததும் தொடங்குங்கள். வாசனையில்லாத களிம்பை ஒரு துளி தொட்டு, தழும்பு வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, சின்னச் சின்ன வட்டமாக. ஒரு தடவைக்கு 3 முதல் 5 நிமிடம், ஒரு நாளைக்கு 3, 4 தடவை. தோல்மேல் வழுக்கிக்கொண்டு போனால் பயனில்லை, தோல் விரலோடு சேர்ந்து நகர வேண்டும். விரலிடுக்கில் மட்டும் திசை மாறும்: உங்கள் ஆள்காட்டி விரலை இரண்டு விரலுக்கும் நடுவே வைத்து, மணிக்கட்டை நோக்கி அழுத்திப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். குழந்தை வளர வளர இடுக்குத் தழும்பு விரல் நுனிப் பக்கம் ஏறப் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் இது. தூங்கின பிறகு செய்தால் போராட்டம் இல்லை.

தழும்பை மட்டுப்படுத்த சிலிக்கோன் பட்டை கொடுத்தால் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும். வெறுமனே ஒட்டினால் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள், தொண்டையில் அடைக்கும். மேலே துணிக் கையுறையோ இழுபடும் கட்டுத்துணியோ சுற்றி, அது கழலாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பட்டைக்கு அடியில் வேர்க்குரு வந்தால் ஒரு நாள் விட்டு, கழுவி உலர்த்தித் திரும்பப் போடுங்கள்.

தொடை இடுக்கில் எடுத்த தோல் கையில் கொஞ்சம் கருத்தே இருக்கும். வெயில் பட்டால் இன்னும் கருக்கும், அதனால் முதல் ஒரு வருடம் வெளியே போகும்போது மூடுங்கள், மூட முடியாத நேரம் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் களிம்பு.

மறுபரிசோதனைக்குப் போகும்போது இரண்டு கையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மேலிருந்து ஒரு படம். 3 மாதத்துக்கு ஒன்று, அதே கோணத்தில். இடுக்கு ஏறுகிறதா என்பது ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாது, படங்களை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும்.